சுண்ணாம்புப் பொட்டு வைத்த வால்வு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த உத்திராபதி, பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வால்வுகூடத் திருடியதில்லை. இதை நம்பியவர்கள் தென்னார்க்காடு ஜில்லாவிலேயே இரண்டு பேர். ஒருவர் உத்திராபதி. இன்னொருவர் அவர் மனைவி சௌந்தரம். அவளுக்கும் அதில் பெரிய பெருமை கிடையாது.

ரிப்பேருக்குக் கொடுத்தால் நல்ல வால்வை உருவிக்கொண்டு பழசைச் செருகிவிடுவான் என்பது அந்தக் காலத்தில் ஊரறிந்த வேதம். வால்வு என்றால் கண்ணாடிக் குமிழ். சூடானால்தான் ரேடியோ பாடும். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு நல்ல வால்வு மெட்ராஸிலேயே குதிரைக்கொம்பு. ஆகவே ஜனங்கள் ஒவ்வொரு வால்விலும் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் கொண்டுவருவார்கள். வேலை முடியும்வரை எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். மங்கலம்பேட்டை கோவிந்தசாமி இன்னும் ஒருபடி மேல். நடுவில் ஒன்றுக்குப் போக வேண்டிவந்ததும், பாடிக்கொண்டிருந்த செட்டை அணைத்து, வால்வுகளைத் துண்டால் பிடுங்கி, வேட்டி மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கோவிந்தசாமி மடியில் இருந்தது சூடு. தெருக்கோடிவரை கேட்டது கூச்சல்.

"அவ்ளோ சுடும்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று அதற்கும் உத்திராபதியைத்தான் திட்டினார்.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு. உத்திராபதி வீட்டில் ரேடியோ இருந்தது, பாட்டு இல்லை. செத்த செட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வயரெல்லாம் புதிதாக இழுத்து, அவரே கட்டிய செட். சத்தத்தை வெளியே தள்ளும் கடைசி வால்வு மட்டும் கிழடு. காதை ஒட்டவைத்தால் யாரோ கிணற்றுக்குள் முனகுவது கேட்கும். மெக்கானிக் வீட்டில் பாட்டுக்கா பஞ்சம் என்று நம்பிக் கழுத்தை நீட்டிய சௌந்தரம், பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் ஜன்னலோரம் நின்று பாட்டுக் கேட்பாள். ஒருநாள் ரத்தினம்மாள் அந்த ஜன்னலைச் சாத்தினாள். சௌந்தரம் உள்ளே வந்து சோற்றைப் போட்டாள். உத்திராபதிக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த வாரம் சிதம்பரத்திலிருந்து ஆசியா உம்மாள் ஆளனுப்பினாள். புருஷன் பினாங்கில்; அவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பெரிய செட் வாயடைத்துக் கிடந்தது. உத்திராபதி போய்த் திறந்தார். எலி வயரைக் கடித்துவைத்திருந்தது. வழக்கப்படி எதிரே நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியில் யாரும் இல்லை. வால்வுகளில் ஒரு பொட்டும் இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்க பாத்துச் செய்யுங்க தம்பி. பொட்டு கிட்டு ஒண்ணும் வைக்கல. ஒங்களப் பாத்தா நல்ல மனுஷனாத் தெரியுது."

அட பாவமே! பன்னிரண்டு வருஷமாக ஒருவர்கூடச் சொல்லாத வார்த்தையை அன்றுதானா சொல்ல வேண்டும்? உத்திராபதி வயர்களை மாற்றினார். கடைசி வால்வைப் பார்த்தார். அவர் வீட்டுச் செட்டில் இருக்கும் அதே ரகம், நல்ல இளமை. வீட்டுக் கிழட்டு வால்வு, எங்காவது ஜோடி கிடைக்காதா என்று அவர் வெளியூர் போகும்போதெல்லாம் பையில் ஏறிக்கொண்டு கூடவே வரும். சந்தேகப்பட்டவன் ஒருவனிடமும் திருடாத கை, நம்பினவள் வீட்டில் திருடியது. பெரிய செட் என்பதால் கிழட்டு வால்விலும் சுமாராகப் பாடிவைத்தது.

அன்று சாயங்காலம் சௌந்தரம் தன் ஜன்னலைத் திறந்துவைத்து, ரத்தினம்மாள் வீட்டுப் பக்கம் ரேடியோவைத் திருப்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதைப் பார்த்து மகிழ வேண்டிய மனுஷர், தலைவலி என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

பத்து நாளில் ஆசியா உம்மாளின் தம்பி காசிம் கடைக்கு வந்தான். "அக்கா சொல்லச் சொன்னாங்க. முன்னாடி செட்டு ஒரே கத்தலா கத்தும். இப்ப மெதுவா, இனிமையா பேசுதாம். கடலூர்ல யோக்கியமான ஆளு நீங்க ஒருத்தர்தான்னு தெரு பூரா சொல்லிட்டாங்க."

சொன்னது வீண் போகவில்லை. சிதம்பரத்திலிருந்தும் புவனகிரியிலிருந்தும் பொட்டில்லாத செட்டுகள் வந்து இறங்கின. "நீங்களே பாத்து வையுங்க" என்று சொல்லிவிட்டு ஜனங்கள் சினிமாவுக்குப் போனார்கள். காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து உத்திராபதிக்குக் கை நடுங்கியது. சால்டரிங் இரும்பால் இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டார்.

நாற்பதாம் நாள் தாங்கவில்லை. வீட்டுச் செட்டிலிருந்து அந்த வால்வைக் கழற்றிக்கொண்டு ரயிலேறினார். சும்மா சோதித்துப் பார்க்க வந்ததாகச் சொல்லி, ஆசியா உம்மாளின் வால்வை அதன் இடத்திலேயே வைத்தார். பெட்டி அதிர ரேடியோ முழங்கியது. அவருக்கு நெஞ்சு லேசானது, கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்வரை.

"இன்னா தம்பி இது, இப்டி கத்துது? நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்துச்சு? உள்ள எதையாச்சும் மாத்திட்டீங்களா?"

உத்திராபதி வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்வதென்றால் அன்று திருடியதையும் இன்று திருட்டுத்தனமாகத் திருப்பி வைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

வீட்டில் கிழட்டு வால்வு பழையபடி முனகியது. "சத்தம் கொறஞ்சிடுச்சே" என்றாள் சௌந்தரம். வால்வுக்கு வயசாகிவிட்டது என்றார். அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து, தன் கையாலேயே ஜன்னலைச் சாத்தினாள்.

ஆறு மாதம் கழித்து எலி மறுபடி உதவி செய்தது. வேறு மெக்கானிக் கிடைக்காததால் ஆசியா உம்மாள் வேண்டாவெறுப்பாக ஆளனுப்பினாள். உத்திராபதி போய்ப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு வால்விலும் சுண்ணாம்புப் பொட்டு. கடைசி வால்வில் கொஞ்சம் பெரிதாகவே. எதிர் நாற்காலியில் காசிம் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் உத்திராபதி கை நடுங்காமல் வேலை செய்தார்.