பெண் பார்க்க வந்தவர்களும் ஹாஃப்னியம் நைட்ரைடும்

சென்னையில் நான் ஹாஃப்னியம் நைட்ரைடை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். உலோகமும் நைட்ரஜனும் சேர்ந்த பொடி அது, கல்லைவிடக் கெட்டி. முடிக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும். அதற்குள் எங்கள் உத்தமபாளையத்து வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "இந்த எடம் அமைஞ்சா படிப்ப நிப்பாட்டிர வேண்டியதுதான்" என்று என் அத்தா, ஏலக்காய் வியாபாரியான அப்பா, சொல்லிவிட்டார். மூன்று நாள் அழுதேன். நான்காம் நாள் பட்டுடுத்தி உட்கார்ந்தேன்.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் பெண் பார்க்க மாப்பிள்ளை வரமாட்டார். அவர் வீட்டுப் பெண்கள்தான் வந்து பார்ப்பார்கள். ஆண்கள் முன்னறையில் இருப்பார்கள், நடுவே ஒரு திரை.

"என்னம்மா வேல பாக்குற?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ரெண்டு வைரத்துக்கு நடுவுல ஒரு பொடிய வச்சு நெருக்குறேன் மாமி."

வைரம் என்றதும் எல்லார் கண்ணும் என் காதுக்குப் போயிற்று. பாதி மிளகளவுதான், அதுவும் ஆய்வுக்கூடத்துச் சொத்து என்று நான் சொன்னதும் சமோசாத் தட்டுக்குத் திரும்பிவிட்டது.

"நெருக்குனா என்னாகும்?"

"லேசுல அசையாது. பூமிக்குள்ள ஆழத்துல இருக்குற மாதிரி அமுக்குனாலும் கொஞ்சூண்டுதான் சுருங்கும். விட்டா பழையபடி ஆயிரும்."

"ஒண்ணும் ஆகாதுங்கறதப் பாக்கவா இத்தன வருஷம்?"

நியாயமான கேள்விதான். என் பேராசிரியரே கேட்டிருக்கிறார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் என் வாய் நிற்காது.

"ஒண்ணும் ஆகாதுன்னு யாரு சொன்னா? போன மாசம் பொடி அப்படியே இருந்துச்சு, வைரம் ஒடஞ்சு போச்சு. நாந்தான் ஒடச்சேன்."

சமோசா மெல்லும் சத்தம் நின்றது. வைரத்தையே உடைத்தவள் வீட்டில் பீங்கான் கோப்பையை விட்டுவைப்பாளா? "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிட்டார்கள். அம்மா அடுக்களையில் மூக்கைச் சிந்தினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு அத்தா வந்தார். அத்தனையையும் கேட்டிருக்கிறார்.

"நெசமா நீதான் ஒடச்சியா?"

அவரிடம் எனக்குப் பொய் வராது. "இல்லத்தா. பக்கத்து மேசை அண்ணன் ஒடச்சாக."

அத்தா மிச்சமிருந்த சமோசாவை எடுத்தார். அதைத் தின்று முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"வந்தவுககிட்டச் சொன்னது பொய்யாகக் கூடாது. ஒரு வருஷம் தாரேன். போயி நீயும் ஒண்ண ஒடச்சுட்டு வா."