எங்கள் கூரைக்கு மேல் பருந்து

விமான நிலையம் பெரிதானதும் எங்கள் சாலைக்குப் பிழைப்பு வந்தது. வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், ஓடுபாதை வேலைக்கு வந்தவர்கள் என்று கோழி வாங்க ஆள் நின்றது. வீட்டோடு சேர்ந்த கடை. நானும் என் வீட்டுக்காரரும் மதியம்வரை குனிந்த தலை நிமிர மாட்டோம். அதைப் பார்த்துத்தான் எதிரே என் கொழுந்தனும் ஒரு கடை போட்டான். வருஷக்கணக்காக என் கையால் தின்றவன். அவன் கடைக்கு விளக்கேற்றி வைத்ததே நான்தான். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

விமானம் இறங்கும் இடத்தில் பருந்து பறந்தால் ஆபத்து. கோழிக் குடல் வெளியே கிடந்தால் கடைக்குப் பூட்டு என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். நாங்கள் குழி வெட்டிப் புதைத்தோம். கொழுந்தனுக்கு உடம்பு வளையாது. நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, தன் கழிவு வாளியை எங்கள் கடைக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டுப் போவான். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். கத்தப் போனவளை இவர் அடக்கிவிட்டார். தம்பியிடம் பைய எடுத்துச் சொல்வாராம். கிழித்தார்.

அதிகாரிகள் வந்த அன்று எங்கள் கூரைக்கு மேலேதான் பருந்துகள் சுற்றின. கொட்டியது யார் என்று கேட்டார்கள். கொழுந்தன் எதிரே ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“நான்தான் சார் கொட்டுனேன்.”

கடைக்குப் பூட்டு விழுந்தது. உள்ளே வந்து, உமக்குப் புத்தி கெட்டுப் போச்சா என்று கேட்டேன்.

“அவனுக்குத் தச்சநல்லூர்ல பொண்ணு பேசியிருக்குல்லா. கடை போச்சுன்னா யாரு பொண்ணு குடுப்பா?”

பெற்ற பிள்ளைகள் என்ன தின்னும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. பாசமாம், பாசம்.

அதற்குப் பிறகு இவர் ஏறி இறங்காத இடமில்லை. விமான நிலையத்தில் கூட்டிப் பெருக்கக்கூட சிபாரிசு வேண்டுமாம். இப்படி இருக்கையில் ஒருநாள் காலை கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்றே நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணன் சும்மாதான இருக்கு மதினி, நம்ம கடையில வந்து கோழி உரிக்கட்டும். மத்த ஆளுக்குக் குடுக்க கூலியவே குடுக்கேன். உள்ள இருந்து உரிச்சாப் போதும், முன்னால நிக்க வேண்டாம். பூட்டுன கடைக்காரன்னு தெரிஞ்சா யாவாரம் கெட்டுப்போவும்.”

இவருக்கும் அது கேட்டது. உள்ளே போய்த் தன் கத்தியை எடுத்துக்கொண்டு தம்பிக்குப் பின்னால் நடந்தார். போகாதேயும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்டில் ஒரு பொட்டு அரிசி இல்லை.