முள் அசையும்வரை

விமான நிலையத்தில் அவரை எல்லோரும் மழையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வானிலை அறையில் பத்தொன்பது வருட வேலை. அரை மணிக்கு ஒருமுறை காற்றின் வேகம், திசை, மேகத்தின் உயரம், கண்ணுக்கு எட்டும் தூரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவிட்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். நடுவில் ஏதாவது சட்டென்று மாறினால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் விமானி இறங்குவதா, இன்னொரு சுற்று சுற்றுவதா என்று முடிவெடுப்பார்.

கணவர் தையற்கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் மழை சொல்பவள் வீட்டில்தான் காயப்போட்ட துணி எப்போதும் நனைகிறது என்று சிரிப்பார். மகள் கல்யாணமாகித் தொலைவில் வேறு நகரத்தில் இருந்தாள்.

அந்தக் கோடையில் ஒரு நாள், ஓடுதளத்துக்கு மேற்கே ஒரு கருமேகம் திரண்டு நிற்பதைப் பார்த்து அக்கா எச்சரிக்கை கொடுத்தார். வந்துகொண்டிருந்த விமானம் வேறு ஊருக்குத் திரும்பிப் போனது. மேகமோ ஒரு பொட்டு மழைகூடப் பெய்யாமல் கலைந்துபோனது. மறுநாள் பிரிவுத் தலைவர் எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்துப் பேசினார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? கண்ணுல படுறதெல்லாம் தகவல் இல்லம்மா. முள்ளு காட்டுறதுதான் தகவல்."

முள் என்றது காற்றுமானியின் முள்ளை; காற்றின் வேகத்தை அது வானிலை அறையில் காட்டும். நிலையத்துக்கு இருந்தது ஒரே ஒரு காற்றுமானி. அதுவும் ஓடுதளத்தின் கிழக்குக் கோடியில் நின்றது.

ஒன்பது நாள் கழித்து, மதியம் மூன்று பன்னிரண்டு. அதே மேற்கில் அதே போல ஒரு மேகம். மேற்கிலிருந்து ஒரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. அக்கா ஜன்னலருகில் நின்றிருந்தார். மேற்குக் கோடியில் திடீரென்று புழுதி வட்டமாகக் கிளம்பி நாலா பக்கமும் ஓடியது. வேலியோரத்து மரங்கள் தரையைத் தொடுவது போல வளைந்தன. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே விழுந்து சிதறினால்தான் அப்படி ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தொலைபேசியை எடுத்தார். திரும்பி முள்ளைப் பார்த்தார். அது அசையவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டார்.

மூன்று பதினான்குக்கு முள் துள்ளியது. சொல்வதற்குள் விமானம் வேலிக்கு மிக அருகே வந்துவிட்டது. எதிர்க்காற்று முதலில் அதைத் தூக்கியது. அடுத்த நொடியே காற்று பின்பக்கமாக மாறவும், விமானம் இறக்கையில் பிடிப்பில்லாமல் பொத்தென்று கீழே போனது. வேலிக்கு வெளியே காலி மைதானத்தில் விழுந்தது. முப்பத்து நான்கு பேரில் பதினோரு பேர் இறந்தார்கள். விமானியும் அதில் ஒருவர்.

முதல் வாரமே எல்லோரும் விமானியைத்தான் குறை சொன்னார்கள். மேகத்தைப் பார்த்தும் இறங்கியிருக்கிறார் என்று பேசினார்கள். விசாரணைக்கு முந்தைய நாள் பிரிவுத் தலைவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, பதிவேட்டில் இருக்கும் நேரத்தை மட்டும் சொன்னால் போதும் என்றார். குரலில் மிரட்டல் இல்லை. அவரும் பயந்துபோயிருந்தார்.

மறுநாள் விசாரணை அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, மூன்று பதினான்குக்குத்தானே காற்று மாறியது என்று கேட்டார்.

"முள்ளு அசைஞ்சது அப்பதான்," என்றார் அக்கா. "புழுதியை நான் மூணு பன்னிரண்டுக்கே பார்த்தேன் சார். போனைக் கையில எடுத்துட்டு, முள்ளுக்காகக் காத்திருந்தேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

அறிக்கையில் விமானியின் பெயருக்கு இருந்த களங்கம் போயிற்று. ஓடுதளத்தின் இரு கோடியிலும் காற்றுமானி வைக்கச் சொன்னார்கள். பிரிவுத் தலைவருக்கு எழுத்தில் ஒரு கண்டனத்தோடு சரி. அக்காவை வானிலை அறையிலிருந்து எடுத்து, ஜன்னலே இல்லாத ஆவண அறையில் போட்டார்கள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மாலை விமானியின் மனைவி வீடு தேடி வந்தார். கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெண் அதைத் தொடவில்லை.

"நீங்க ரெண்டு நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா அவர் திரும்பியிருப்பாரா?"

"தெரியலம்மா," என்றார் அக்கா. பிறகு, "திரும்பியிருப்பாருன்னுதான் நினைக்கிறேன்," என்றார்.

விமானியின் மனைவி தலையை ஆட்டினார். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தன்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா கணவரிடம் சொன்னார். கணவர் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் ஆவண அறையிலேயே கழிந்தது. மகளுக்குப் பிரசவம் நெருங்கியபோது, ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று அவள் விமான டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அக்கா அதை ரத்து செய்யச் சொன்னார். கணவர் போய் ரயில் டிக்கெட் எடுத்துவந்தார். இருவரும் இரண்டு பகல் ரயிலில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது, குழந்தை பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.