ஞாயிற்றுக்கிழமை டெலிவரி

மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு டெய்லரக்கா அதட்டுகிறார்: "மூச்ச எக்காதே, அளவு தப்பிடும்!"

கடையில் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். நெஞ்சு உயரத்தில் இஞ்சு டேப்பைச் சுற்றி, அளவை நோட்டில் குறிக்கிறார். கடை நோட்டேதான். ஒரு பக்கம் பேங்க் மேனேஜரின் இடுப்பு, மறு பக்கம் குளக்கரை வாகை மரத்தின் சுற்றளவு. போன வருஷத்தைவிட இரண்டும் ஒன்றரை இஞ்சு கூடியிருக்கின்றன. "மரம் பெருத்தா ஊருக்கு நல்லது. மேனேஜர் பெருத்தா எனக்கு நல்லது" என்பார்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஏழு ஏக்கர் தாழ்நிலம் அது. நடுவில் குளம், சுற்றிலும் மரங்கள். மழை பெய்தால் நாலு தெருத் தண்ணீரும் அங்கேதான் போய் உட்காரும். சொந்தக்காரர், ஓய்வுபெற்ற கண் டாக்டரம்மா. ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கண் பூத்துப்போன அக்காவிடம், "தினம் அரை மணி பச்சையப் பாரு. எங்கயும் அலையாதே, என் இடத்துலயே போய்ப் பாரு" என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னவர் அவர்தான்.

பார்க்கப் போனவர் போனவர்தான். அரை மணி இரண்டு மணியானது. ஊர் நிலங்களைக் காக்கப் பதினோரு பேர் சேர்ந்து நடத்திய அறக்கட்டளையில் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்து, ஆறே மாதத்தில் செயலாளரும் ஆகிவிட்டார். இன்றைக்கு எந்தப் பறவை எந்தக் கிளையில் கூடு கட்டுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு கூட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கட்டறது நல்லாத்தான் கட்டுது. பிசிறு வெட்டத்தான் தெரியல" என்றார் ஒரு தடவை.

இந்த வருஷம் ஒரு கம்பெனி கிடங்கு கட்ட அந்த இடத்தைக் கேட்டது. டாக்டரம்மா ஊசலாடினார். அங்கே என்றைக்கும் கட்டடம் எழும்பாது என்று அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்க ஒரே ஒரு கையெழுத்துதான் வேண்டும். ஆனால் அறக்கட்டளையின் போன கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

"யாருக்கும் வேண்டாத இடத்த நான் மட்டும் ஏன் கட்டிக்கிட்டு அழணும்?" என்றார் டாக்டரம்மா. "ஞாயித்துக்கிழமை கொளத்துல மண்டிக் கெடக்கிற கொடிய அள்ளப் போறீங்கல்ல? சேத்துல கால வைக்கிற நாப்பது பேரக் காட்டு, அங்கேயே கையெழுத்துப் போடறேன். இல்லன்னா திங்கக்கிழமை கம்பெனிக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

அக்கா அடுத்த இரண்டு நாள் தைத்ததெல்லாம் கோணல். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒரே பாட்டும் சிரிப்பும்!

"என்னடி, புதையல் ஏதும் கெடச்சுதா?" என்றார் சைக்கிள் கடை வைத்திருக்கும் கணவர்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது. ஊர்ப் பிள்ளைங்க யூனிபார்ம் பூரா யார் கையில இருக்கு?"

"அடிப்பாவி!"

"ஆடற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடற மாட்டப் பாடிக் கறக்கணும். நம்ம ஊர் மாடு துணிக்குத்தான் வரும்."

அன்றே கடை வாசலில் அட்டை தொங்கியது: தைத்த துணிகள் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் குளக்கரையில் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றிக் கணவர் தள்ளிவந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு தனக்கென்று தைத்துக்கொண்ட இளமஞ்சள் உடுப்பில் அக்கா முன்னால் நடந்தார். எட்டு மணிக்கு அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டாக்டரம்மா பத்திரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஒருவரையும் காக்கவைக்கவில்லை. கடைசிப் பை வரை கொடுத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"எல்லாருக்கும் வந்தாச்சா? திட்டறவங்க திட்டிக்கோங்க, தந்திரம் பண்ணித்தான் வரவெச்சேன். இன்னைக்கு நாம விட்டுட்டா இங்க கிடங்கு வந்துடும். போறவங்க போகலாம், கோவிச்சுக்க மாட்டேன். நிக்கறவங்க செருப்பக் கழட்டுங்க."

பத்துப் பன்னிரண்டு பேர் விடுவிடுவென்று திரும்பி நடந்தார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்காவுக்குத் தன் நெஞ்சு அடிப்பது தையல் மெஷின் ஓடுவதுபோல் காதில் கேட்டது. இருக்கிறவர்களிலேயே அதிகக் கோபத்தில் இருந்தவர் பஸ் டிரைவர். ஒரே ஒரு பேன்ட்டுக்காக ஆறு வாரமாக நடையாய் நடந்தவர். அவர்தான் முன்னால் வந்தார்.

"ஏம்மா, மழத்தண்ணி இங்க நிக்காட்டி எங்க போகும்? நேரா என் வீட்டுக்குள்ளதான். இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"மூணு வாட்டி நோட்டீஸ் கொடுத்தேன், அண்ணே."

"நோட்டீஸ யாரு படிக்கிறா!" என்றபடி புதுப் பேன்ட்டை ஒரு கிளையில் மாட்டிவிட்டு, போட்டிருந்ததை முழங்காலுக்கு மேல் சுருட்டி, சேற்றில் இறங்கினார்.

பிறகு கேட்கவேண்டுமா! கிளைக்குக் கிளை யூனிபார்ம் தொங்கியது. கொடியை இழுத்தவர்கள் கொடியோடு விழுந்தார்கள். மேனேஜர் வழுக்கி உட்கார்ந்ததும் குளமே சிரித்தது. டாக்டரம்மா முப்பத்திரண்டு வரை எண்ணினார். அதற்குள் எல்லோரும் சேறு பூசி ஒரே நிறமாகிவிட்டதால், யாரை எண்ணினோம், யாரை எண்ணவில்லை என்று குழம்பி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் கொடியைக் கட்டிக்கொண்டு நின்ற அக்கா, அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தாறு.

டாக்டரம்மா பத்திரத்தை மடியில் விரித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை உயர்த்திக் கூப்பிட்டார்: "வா, சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும்."

அக்கா அடித்துப்பிடித்துக் கரையேறினார். முழங்கை வரை கருஞ்சேறு. துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு கணவர் ஓடிவருவதற்குள், தன் புது உடுப்பின் நெஞ்சுப் பக்கத்திலேயே இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார்.