மணப்பெண்ணின் தாடைக்குக் கீழே பிடித்த லைட் மீட்டர்

கையில் பிடிக்கிற லைட் மீட்டர் ஒன்று வாங்குவதா வேண்டாமா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு கல்யாண ஆல்பம்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி அக்கா, தங்கை இருவர். இரண்டு பேருக்கும் கம்பெனி வேலை. அக்காவின் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். சர்ச்சில் வெள்ளைச் சுவர், வெள்ளைப் புடவை, நடுவே அந்தப் பெண்ணின் மினுமினுக்கும் கறுப்பு முகம். கேமரா என்ன செய்யும்? இவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்துக் குறைத்துவிட்டது. முகம் இருண்டது. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை மட்டும் தூக்கி வெளுத்தேன். இந்தப் பக்கம் எந்த ஆல்பத்துக்கும் கேட்காமலே செய்கிற மரியாதை அது. மாப்பிள்ளை வீட்டாரும் “பொண்ணு பளிச்சுனு கீது” என்று மெச்சினார்கள். அந்தப் பெண் மட்டும் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது யாருண்ணே?” என்றாள். வேடிக்கை பேசுகிறாள் என்று சிரித்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்குச் சொல்ல வந்த அவர்கள் அம்மா, வாசலிலேயே நின்றார்.

“பெரியவ அந்த ஆல்பத்த தொறக்கறதே இல்ல நைனா. முகத்துல சாம்பல் பூசுனா மாரி கீதுன்றா. சின்னவளையாச்சும் அவளாவே காட்டு.”

அன்று சாயங்காலமே ஆரணிக்கு வண்டியை விட்டேன். அங்கே ஒரு நண்பன் இருக்கிறான். கம்பெனிகளுக்கு இயந்திர பாகங்களைப் படம் பிடித்துத் தருபவன். அவனிடம் மீட்டர் உண்டு. உள்ளங்கை அளவு, தலையில் வெள்ளையாக ஒரு அரைப் பந்து. கேமரா பொருளிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சத்தை அளக்கும். இது பொருளின் மேல் விழுகிற வெளிச்சத்தை அளக்கும். புடவை என்ன நிறம், முகம் என்ன நிறம் என்பது இதற்குத் தேவையே இல்லை.

“இதுக்காடா இவ்ளோ பேஜாரு?” என்றான் அவன். “டிஜிட்டல்ல இத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? சுடு. பின்னாடி ஸ்கிரீன்ல பாரு. சரியில்லன்னா மறுபடி சுடு.”

“மோதிரத்தக் கயட்டிட்டு மறுபடி மாட்டச் சொல்லவா?”

“அப்ப எடுத்துக்கினு போ. அத ஒடச்ச, ஒன்ன நான் ஒடைப்பேன்.”

பழகிப் பார்க்க என் மனைவியை வெள்ளைப் புடவையில் சுவரோரம் நிற்கச் சொன்னேன். “ஏன்யா, நீ குத்துக்கல்லு மாரி இருக்கும்போதே எனக்கு வெள்ளப் பொடவையா?” என்று பிடித்துக்கொண்டாள். கடைசியில் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றாள். கேமராவின் கணக்குப்படி எடுத்ததில் முகம் இருட்டு. மீட்டர் சொன்னபடி எடுத்ததில், காலையில் காபி கொடுத்த அதே முகம்.

ஆனால் நாலு நாளில் இன்னொன்றும் புரிந்தது. வெள்ளை அதிகமிருந்தால் கேமராவில் வெளிச்ச அளவை ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்தால் போதும். கேமராவே சரியாக எடுக்கிறது. அப்புறம் மீட்டர் எதற்கு? அதைவிட மோசம், சரியாக வந்த என் மனைவி படத்தையும் கம்ப்யூட்டரில் திறந்தபோது, என் கை தானாகப் போய் முகத்தை வெளுக்கத் தொடங்கியிருந்தது. குற்றத்தை இதுவரை கேமராவின் மேல் போட்டிருந்தேன்.

கல்யாணத்தன்று பெண்ணின் தாடைக்குக் கீழே மீட்டரைப் பிடித்தேன். “இன்னாபா, பொண்ணுக்கு ஜொரமா?” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்க, அந்த பெஞ்சே சிரித்தது. பெண்ணும் சிரித்தாள். மீட்டர் காட்டிய எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆல்பத்தை வாங்க அக்காதான் வந்தாள், கம்பெனிச் சீருடையில். நின்றபடியே புரட்டினாள். அந்தச் சிரிப்பு இருந்த பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“என்னோட ஒரிஜினல் இருக்காண்ணே? இருட்டா இருந்தாலும் பரவால்ல.”

ஆல்பம் கொடுத்த மாதமே, ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்று எல்லாவற்றையும் அழித்திருந்தேன். வெளுத்தது மட்டும்தான் மிச்சம்.

“இல்லம்மா.”

“போவட்டும். சின்னவளாச்சும் சின்னவளா கீறா.” ஆல்பத்தை இடுக்கிக்கொண்டு, பஸ் வந்துவிடும் என்று ஓடினாள்.

நண்பனுக்குப் போன் போட்டு, அந்த மீட்டரை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

“டிஜிட்டலுக்கு அது தண்டம்டா, சொல்லிட்டேன்.”

“தெரியும்” என்றேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது மீட்டர் காட்டிய எண்ணை எழுதிய காகிதம் பக்கத்தில் கிடந்தால், முகத்தைத் தொட என் கைக்குக் கொஞ்சம் கூச்சம் வருகிறது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.