மலிவு கார்பன் மேல் விழுந்த பழி

1. திங்கட்கிழமைச் செய்தி

"அக்கா, நீங்க குடுத்த கார்பன் சைக்கிள் ரெண்டா உடைஞ்சிருச்சாம். சுப்ரா அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்காரு."

கடையின் இரும்புக் கதவைத் தூக்கிய கையோடு இந்தச் செய்தியைக் கைப்பேசியில் பார்த்தேன். அனுப்பியவர் பீடோங் சைக்கிள் குழுவில் ஒருவர். பாக்கார் ஆராங் ஊரில் உள்ள இந்தச் சைக்கிள் கடையில் நான் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கல்லாவில் உட்கார வந்தவள் சக்கரம் கட்டப் பழகி, இப்போது பட்டறை முழுவதும் என் பொறுப்பு. என் கையால் போன வண்டி உடைந்து ஆள் விழுந்தார் என்று அதுவரை ஒரு சொல் கேட்டதில்லை.

முதலாளி ஹமீது பாய்க்கும் அதே செய்தி வந்திருந்தது. "பார்வதி, அந்த மலிவு கார்பன் ஃபிரேம் எடுக்கிற வேலையையே நிறுத்திடுவோமா?" என்றார்.

2. ஸ்டிக்கர் இல்லாத ஃபிரேம்

சுப்ரா பாடாங் மேஹா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்ப்பவர். வயது நாற்பத்தெட்டு, எடை தொண்ணூற்று நான்கு கிலோ. இரத்தத்தில் இனிப்பு நீர் ஏறிப்போய் டாக்டர் திட்டிய பிறகு சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தார். ஞாயிறுதோறும் பழைய இரும்பு வண்டியில் குழுவோடு கிளம்புவார். மேடு வந்தால் எல்லாரும் பறந்துவிடுவார்கள், இவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்.

"கார்பன் இருந்தா நானும் கூடவே போயிடுவேன் அக்கா. தனியா மிதிக்க மனசு வரல. எங்க விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு."

மிதிக்க ஆரம்பித்த பிறகுதான் அவருடைய சர்க்கரை இறங்கியிருந்தது. விட்டால் மறுபடி ஏறும். அந்தப் பயத்துக்காகவே அவருக்கு மெனக்கெட்டேன்.

பேர் பெற்ற கம்பெனி ஃபிரேம் அவர் சம்பளத்துக்குக் கட்டாது. சீனாவிலிருந்து ஸ்டிக்கர் இல்லாமல் வருகிற ஃபிரேம் அதில் பாதி விலைகூட இல்லை. மலிவென்றால் மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு, பார்க்கத் தெரிய வேண்டும். முதலில் ஆளுக்கேற்ற அளவு. அது தப்பினால் தங்கத்தில் செய்த ஃபிரேமும் முதுகு வலிதான் கொடுக்கும். ஃபிரேம் கைக்கு வந்ததும் இருபது காசை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தட்டுவேன். எல்லா இடத்திலும் 'டிக் டிக்' என்று கேட்க வேண்டும். எங்காவது மொத்தென்று கேட்டால் உள்ளே இழை பிரிந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பிறகு டார்ச் அடித்து, பெடல் அச்சும், ஹேண்டில்பார் திரும்புகிற ஹெட்செட்டும் உட்காருகிற இடங்களைப் பார்ப்பேன். நட்டுகளை, முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில்தான் முறுக்குவேன். இரும்பில் பழகிய கைப்பலம் கார்பனுக்கு எமன்.

ஃபிரேமில் எங்களுக்குள் தகராறு இல்லை. சண்டை வீலில் வந்தது.

"அம்பது மில்லி ஒசர ரிம்மு வச்ச கார்பன் வீல் போடுங்க அக்கா. ஓடும்போது 'வூம் வூம்'னு சத்தம் வருமே, அது!"

"சத்தம் வேணும்னா லோரி வாங்குங்க. உங்க வெயிட்டுக்கு அந்த மலிவு வீல் தாங்காது. அலுமினிய ரிம்மு, இருபத்தெட்டு கம்பி. பின்னால முப்பத்துநாலு பல்லு கியர். மேடு ஏற அதுதான் கைகுடுக்கும்."

"எல்லாரும் கார்பன் வீல்தான் வச்சிருக்காங்க லா..."

"எல்லாரும் அறுவது கிலோ."

சிரித்துவிட்டார். வீலில் மிச்சமானதை டிஸ்க் பிரேக்கில் போட்டோம். கனத்த ஆளுக்கு ஓடுவதைவிட நிற்பது முக்கியம். சனிக்கிழமை மதியம் வண்டியைக் கொடுத்து, "புது பிரேக் மொதல்ல கத்தும், சரியாப் பிடிக்காது. நாலு தடவ பிடிச்சு விட்டா படிஞ்சிடும்" என்றேன்.

மறுநாள் காலை பீடோங் பாசாரில் நான் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அழைத்தார். பிரேக் கத்துகிறது, பிடிக்கவில்லை என்றார். "புதுசு லா, அப்படித்தான் இருக்கும். ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கெம்போங் மீனுக்கு விலை பேசப் போய்விட்டேன்.

3. லெட்சுமி வந்தார்

திங்கட்கிழமை மாலை சுப்ராவின் மனைவி லெட்சுமி காரின் பின்னால் வண்டியைப் போட்டு எடுத்து வந்தார். முந்தின நாள் எஸ்டேட் இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய், சுப்ரா செம்பனை ஓரக் கால்வாயில் விழுந்திருக்கிறார். காறை எலும்பு முறிந்திருந்தது.

"மலிவா இருக்குன்னு தலையில கட்டிட்டீங்க. இந்தச் சனியன நீங்களே வச்சுக்குங்க. இனிமே அவரு சைக்கிளத் தொடவே கூடாது!"

நான் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். ரெண்டாக உடைந்தது என்பது சுத்தப் புளுகு. ஹேண்டில்பார் திரும்பியிருந்தது, பெயின்ட் சிராய்த்திருந்தது. முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கைக் கழற்றி, காசை எடுத்து அதையும் ஃபிரேமையும் முழுக்கத் தட்டினேன். பாய் பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல் கேட்டார். எங்கும் சத்தம் மாறவில்லை.

"ஃபிரேம் நல்லாருக்கு பாய்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப என்னதான் ஆச்சு?"

பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. டிஸ்க்கை விரலால் தடவினேன், வழுக்கியது. முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். டிஸ்க்கின் ஒரு துளையோரத்தில் துளி குங்குமம் ஒட்டியிருந்தது.

"வண்டிக்குப் பூசை போட்டீங்களா?"

"போடாம? வண்டி வந்த அன்னிக்குச் சாயங்காலமே போட்டேன். நல்லாத் தொடச்சு, அந்த வட்டத் தகடு ரெண்டும் இரும்பா இருக்கேன்னு தேங்காண்ண தடவி, பொட்டு வச்சு, எலுமிச்சங்கா நசுக்கி... எங்கப்பா செம்பனக் குலை வெட்டுற அருவாளுக்கு அப்படித்தான் செய்வாரு. எண்ண காட்டாம இரும்ப சாமி முன்னால வைக்கக் கூடாதும்பாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன் கேக்குறீங்க?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பிரேக் பேட் மட்டமான சரக்கு என்று சொல்லிவிட்டால் அவர் மனசு நோகாது. ஆனால் ஆயுத பூசை வந்தால் மறுபடி எண்ணெய் ஏறும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அந்தத் தகடுதான் பிரேக். அதுல எண்ண பட்டா பிடிக்காது."

அவர் முகம் செத்துவிட்டது. "அப்ப நானா? நானே என் புருசன..."

"கேளுங்க லெட்சுமி. ஞாயித்துக்கெழம காலையில அவரு எனக்குப் போன் பண்ணாரு. பிரேக் பிடிக்கலன்னாரு. வண்டியப் பாக்காமலே ஓட்டுங்கன்னு சொன்னவ நான். நீங்க தெரியாம செஞ்சீங்க. நான் தெரிஞ்சிருந்தும் என்ன ஏதுன்னு கேக்கல."

புது வண்டி வாங்கினால் நம் வீடுகளில் பூசை போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? என் மோட்டார் சைக்கிளுக்கு நான் போடவில்லையா? டிஸ்க்கில் எதுவும் தடவாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அதையும் சொன்னேன். அவர் அழுதார். பாய் எதிர்க்கடையில் சூடாக மைலோ வாங்கி வந்து வைத்தார். எனக்கும் அழுகைதான் வந்தது, கை நிறையக் கிரீஸ் என்பதால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

4. பிரேக்கைப் பிடிங்க

பேட்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட்டேன். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் மூன்று முறை கழுவினேன். அன்றிலிருந்து, பிரேக் சரியில்லை என்று யார் போன் செய்தாலும், "எறங்குங்க. தள்ளிக்கிட்டு வாங்க" என்பேன். பழக்கத்தில் வருகிற பதில்தான் ஆபத்தானது. நூறு பேருக்குச் சரியாக இருந்தது நூற்றியோராவது ஆளைக் கால்வாயில் தள்ளும்.

எலும்பு கூடிய பிறகு இருவரும் சேர்ந்து வண்டி எடுக்க வந்தார்கள். சுப்ரா என்னைக் குறை சொல்லவில்லை. லெட்சுமி ஒரு சந்தனப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்க வைக்கலாம்னு நீங்களே காட்டுங்க அக்கா" என்றார். ஹேண்டில்பாருக்குக் கீழே, கம்பெனிகள் தங்கள் பேரை ஒட்டுகிற இடத்தைக் காட்டினேன். வைத்தார்.

சுப்ரா சீட்டில் ஏறி ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

"பிரேக்கப் பிடிங்க" என்றார் லெட்சுமி.

பிடித்தார். லெட்சுமி பின்னால் போய், இரண்டு கையையும் சீட்டில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். வண்டி அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

"சரி, போங்க" என்றார்.