முஸ்பிறாவின் வயிற்றுக்கட்டு

ஹாஜறா, பிள்ளை பெற்ற மகளின் இடுப்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் வயிற்றுக்கட்டை இறுக்குவாள். மருதமுனைக் கைத்தறிச் சாறனைக் கிழித்து, முறுக்கி, முஸ்பிறாவின் கண் பிதுங்கும்வரை இழுப்பாள். நான் அந்தப் பகுதி மருத்துவமாது; பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது என் வேலை.

முஸ்பிறாவுக்கு ஏழு மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. குழந்தை ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இவள் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு, சாய்ந்தமருதிலிருந்து தினமும் ஆட்டோவில் குலுங்கிப் போய்வந்தாள். பத்தொன்பதாம் நாள் என் கையைப் பிடித்து, கீழே ஏதோ உருண்டையாக இறங்குகிறது என்றாள். வெட்கத்தில் ஒரு கிழமை, ஏழு நாள், மறைத்திருக்கிறாள், பாவி மகள்.

கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கர்ப்பப்பை இறங்கத் தொடங்கியிருந்தது. கட்டு வேண்டாம், பாரம் தூக்கக் கூடாது, இடுப்பின் அடித்தசையை மெல்ல மேலே இழுத்துவிடும் பயிற்சியைச் செய்ய வேண்டும் என்றார் டொக்டர். குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து, நெஞ்சுச் சூட்டில் அணைத்து மணிக்கணக்கில் உட்காரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இவள் உடம்பு தேற வேண்டும்.

ஹாஜறா மசியவில்லை. "கட்டாட்டி வயிறு தொங்கும் மிஸ். தொங்கினா மாப்பிள்ளை ஊட்டுல நிப்பாரா?"

"இறுக்கினா உள்ள இருக்கிறது கீழதானே போகும்?" என்று கத்தினேன். அவள் மறுபடி துணியை முறுக்கத் தொடங்கினாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனேன். கடலுக்குப் போயிருந்த கணவன் முர்ஷித் வந்திருந்தான். முஸ்பிறாவின் உதடு கிழிந்திருந்தது. பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடியவில்லை என்று அவள் அவனைப் பக்கத்தில் வரவிடாமல் தடுத்திருக்கிறாள்.

"புள்ள ஆசுபத்திரியில. ஊட்டுல புள்ள இல்லாதவளுக்கு என்ன நாப்பது?" என்று கேட்டபடியே, என் கண்ணெதிரில் அவள் அடிவயிற்றில் உதைத்தான் அந்த நாய்.

கட்டுத்துணியை அலசிக்கொண்டிருந்த ஹாஜறா கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். முறுக்கிய ஈரத்துணியால் அவன் முகத்தில் விளாசினாள். பிடரியிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள். அவன் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. விழுந்தவனை எழவிடாமல் வாசல் படலைவரை அடித்துத் தள்ளினாள். "இது என்ட மகள்ட ஊடு. எறங்கு."

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பான். அவன் செருப்பும் போடாமல் போனான்.

முஸ்பிறா இரத்தப்போக்கோடு நான்கு நாள் வார்டில் கிடந்தாள். ஐந்தாம் நாள் குழந்தையை அவள் நெஞ்சில் வைத்தார்கள். ஹாஜறா பக்கத்தில் குந்தியிருந்து, "மெல்ல மேல இழு மகள், மறுகா விடு" என்று டொக்டர் சொன்ன பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள்.

வார்டுக்கு வெளியே வந்தபோது ஹாஜறா தானாகவே சொன்னாள்.

"அவன் ஒருக்காத்தான் உதைச்சான் மிஸ். நான் மூணு கிழமையாக் கால் வச்சன்."